ஆர்க்கிடெக்டா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா? தென்னாப்பிரிக்கத் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், டோங்காட், ஜோஹனஸ்பர்க் லெனேசியா என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், கட்டடத்துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஆர்க்கிடெக்ட் வேலைக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலைக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கோயில் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாராதனை நேரத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கும் சன்னிதி தெரிய வேண்டும், காற்று வர வேண்டும், சமையற்கட்டிலிருந்து பந்திக்கு வழி நேராக இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துத் தூண் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்பவர் ஆர்க்கிடெக்ட். அந்தத் தூணை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் கூரையின் எடை எந்த பீம் வழியாக, எந்த அடித்தளம் வழியாக மண்ணுக்குள் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுபவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

சட்டத்திலும் இவை இரண்டு தனித் தொழில்கள். ஆர்க்கிடெக்டுகள் 2000ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி சேக்கப் (SACAP) என்ற ஆர்க்கிடெக்டுகள் மன்றத்திலும், பொறியாளர்கள் அதே ஆண்டின் 46ஆம் எண் சட்டப்படி எக்சா (ECSA) என்ற பொறியாளர் மன்றத்திலும் பதிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் ‘ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினியரிங்’ என்று தனிப் பட்டமே உண்டு. இங்கே வழக்கமான பாதை, சிவில் இன்ஜினியரிங் படித்து அதற்குள் ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுப்பது.

கிரேடு 10க்குப் பாடம் தேர்ந்தெடுக்கிறோம். என்ன எடுக்க வேண்டும்?

முழுப் பாதையிலும் இதுதான் பெரிய முடிவு. கிரேடு 9 படிக்கும் பிள்ளையின் வீட்டில் யாரும் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எங்கள் கவலை. கணிதம், இயற்பியல்-வேதியியல் இரண்டும் கட்டாயம். ‘மேத்ஸ் லிட்டரசி’ என்ற எளிய கணிதப் பாடத்தை எடுத்தால் பொறியியல் பட்டப்படிப்புக்கான கதவு மூடிவிடும். ஆர்க்கிடெக்சரிலும் பெரும்பாலான இடங்களில் அதே நிலைமைதான். மதிப்பெண் கூடும் என்று சொல்லிப் பள்ளியே பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளினால், பெற்றோர் நேரில் போய்ப் பேசுங்கள். கிரேடு 11 பாதியில் அங்கிருந்து கணிதத்துக்குத் திரும்பி வருவது மிகக் கடினம்.

மேட்ரிக்குக்கு, அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வுக்கு, ஏழு பாடம். இரண்டு மொழி, கணிதம், லைஃப் ஓரியன்டேஷன் போக மூன்று விருப்பப் பாடம் மிஞ்சும். ஒன்று இயற்பியல்-வேதியியல். இரண்டாவதாக இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அண்ட் டிசைன் இருந்தால் நல்லது; கட்டாயமில்லை. ஆனால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்ற மேல்தோற்றம், முன்தோற்றம், வெட்டுத்தோற்றம் மூன்றையும் மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அதில்தான் வரும். மூன்றாவது உங்கள் விருப்பம். பள்ளியில் தமிழ் இரண்டாம் கூடுதல் மொழியாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். அது இந்தப் பாதைக்குத் தடையே இல்லை.

கணிதத்தில் 55 சதவீதம்தான் வருகிறது. ஆசையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். எந்தத் தாளில் இழக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மேட்ரிக் கணிதம் 150 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். இரண்டாம் தாளில் யூக்ளிட் வடிவியலும் திரிகோணமிதியும் சேர்ந்து சுமார் 90, ஆயத்தொலை வடிவியல் 40. ஆக, 150இல் 130 மதிப்பெண் கோணம், நீளம், வடிவம் பற்றியதே. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வாழ்நாள் முழுக்கப் புழங்கப்போவதும் இவற்றைத்தான். பல மாணவர்கள் முதல் தாளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, வடிவியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு வடிவியல் கணக்கைக் காரணத்தோடு எழுதிப் பழகுங்கள். விடை சரியாக இருந்தாலும் காரணம் எழுதாத வரிக்கு மதிப்பெண் போகும்.

பொறியியல் பட்டத்துக்குப் பல்கலையைப் பொறுத்துக் கணிதத்திலும் இயற்பியலிலும் நிலை 5 முதல் 7 வரை கேட்பார்கள். நிலை 5 என்றால் 60–69, நிலை 6 என்றால் 70–79, நிலை 7 என்றால் 80க்கு மேல். கேட்கும் அளவு நுழைவுக்கான கீழ்வரம்புதான். இடம் குறைவு என்பதால் உண்மையில் சேர்பவர்களின் மதிப்பெண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எங்கே படிக்கலாம்? எத்தனை வருடம்?

டர்பனில் குவாசுலு-நாட்டால் பல்கலையின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் சிவிலும் ஆர்க்கிடெக்சரும் இரண்டும் உண்டு. கேப் டவுன், விட்ஸ், பிரிட்டோரியா பல்கலைகளிலும் இரண்டும் உண்டு. சிவில் இன்ஜினியரிங் பட்டம் நான்கு வருடம். ஆர்க்கிடெக்ட் ஆக முதலில் மூன்று வருடப் பட்டம், பிறகு இரண்டு வருட மேற்படிப்பு. நடுவில் ஒரு வருடம் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புபவர்களும் உண்டு. அந்த வருடம் வீண் போகாது.

குவாசுலு-நாட்டாலின் அரசுப் பல்கலைகளுக்கு சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கேப் டவுன், விட்ஸ் போன்றவற்றுக்கு நேரடியாக. ஆர்க்கிடெக்சருக்கான கடைசித் தேதி மற்றப் படிப்புகளுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும். கிரேடு 12 தொடங்கியதுமே தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள். கிரேடு 11 இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் சுற்றுத் தேர்வு நடக்கும். ஆகவே கிரேடு 11ஐ ‘சும்மா ஒரு வருடம்’ என்று விட்டுவிடக்கூடாது.

டி.யு.டி.யில் சேர்ந்தால் மட்டமா?

இல்லவே இல்லை. டி.யு.டி. என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலை, எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் நாட்டால் டெக்னிக்கானும் 2002இல் இணைந்ததன் வழி வந்தது. மற்றக் கல்லூரிகளின் கதவு மூடியிருந்த காலத்தில் நம் சமூகத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வி கற்ற இடங்களில் ஒன்று எம்.எல். சுல்தான். அங்கே படித்தவர்கள் போட்ட வரைபடத்தில் எழுந்த வீடுகள் நம் தெருக்களில் நிற்கின்றன.

டிப்ளமா படித்தவர் டெக்னிஷியனாகவும், மூன்று வருட பி.இ.டெக் (பொறியியல் தொழில்நுட்பப் பட்டம்) படித்தவர் டெக்னாலஜிஸ்டாகவும் எக்சாவில் பதிவு பெறலாம். அதற்கு மேல் அங்கீகாரம் பெற்ற ஆனர்ஸ் வருடத்தை முடித்தால் பொறியாளர் பதிவுக்கான வழியும் திறக்கிறது. சேக்கப்பிலும் டிராஃப்ட்ஸ்பர்சன், டெக்னாலஜிஸ்ட், சீனியர் டெக்னாலஜிஸ்ட், ஆர்க்கிடெக்ட் என்று நான்கு படி. எந்தப் படியில் நுழைந்தாலும் மேலே ஏறலாம். சேரும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு, மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? தனியார் கல்லூரி என்றால் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆர்க்கிடெக்சருக்குப் போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள். என்ன வைப்பது?

இணையத்தில் பார்த்து வரைந்த மாளிகைகளை வைக்காதீர்கள். தேர்வாளர் தேடுவது கவனித்துப் பார்க்கும் கண்ணை. உங்கள் வீட்டையே அளந்து வரையுங்கள். ஐந்து மீட்டர் டேப், பென்சில், கிராஃப் தாள் போதும். 1:50 அளவில் 3.6 மீட்டர் அறை தாளில் 72 மி.மீ. வரும். சுவரின் தடிமனை மறக்காதீர்கள். ஒற்றைக் கோடாகச் சுவர் வரைவதுதான் புதியவர் எல்லாரும் செய்யும் தவறு.

பிறகு படிக்கட்டை அளங்கள். சான்ஸ் 10400 என்ற தேசியக் கட்டட விதிப்படி ஒரு படியின் உயரம் 200 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதியகலம் 250க்குக் குறையக்கூடாது. ஜன்னலை அளங்கள்: அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்கு வேண்டும். உங்கள் பாட்டி ஏறத் திணறும் படி 215 மி.மீ. என்று தெரிய வந்தால், அதை வரைந்து, மாற்றுப் படிக்கட்டு எவ்வளவு தூரம் நீளும் என்றும் அருகில் வரைந்து வையுங்கள். பளபளப்பான படங்கள் பத்தைவிட இந்த ஒரு தாள் பேசும். கையால் வரைந்தவை, அட்டையில் செய்த மாடலின் புகைப்படம், களிமண், தையல், மரவேலை, கோலம் எதுவானாலும் நீங்களே செய்ததாக இருந்தால் போதும்.

பொறியியலில் முதல் வருடம் ஏன் இத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள்?

அசையாத பொருள்மேல் விழும் விசைகளைப் படிக்கும் ஸ்டேட்டிக்ஸ் பாடத்தில்தான் பெரும்பாலும். சூத்திரம் தெரியாததால் அல்ல, ஃப்ரீ பாடி டயகிராம் வரையாமல் நேரே சமன்பாட்டுக்குத் தாவுவதால். ஒரு பொருளைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, அதன்மேல் விழும் எடை, தாங்கிகள் தரும் எதிர்விசை எல்லாவற்றையும் அம்புக்குறியால் காட்ட வேண்டும். ஒரு எதிர்விசையை விட்டால் மீதிப் பக்கம் முழுவதும் தப்பு. மேல்நோக்கியும் வலதுபுறமும் கூட்டல் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கடைசிவரை மாற்றாமல் போங்கள்.

உண்மையான கணக்கு எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் தர முடியுமா?

நான்கு மீட்டர் இடைவெளியை மூடும் 170 மி.மீ. ஸ்லாப். கம்பியோடு சேர்த்துக் காங்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன். 0.17ஐ 25ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 4.25. ஸ்கிரீட், டைல், பூச்சுக்கு 1.5 சேர்த்தால் நிலைப்பளு 5.75. வீட்டில் ஆள், சாமான் என்ற புழங்கு பளுவுக்கு, பளு பற்றிய தரவிதியான சான்ஸ் 10160 சொல்வது 1.5. பாதுகாப்புக்காக நிலைப்பளுவை 1.2ஆலும் புழங்கு பளுவை 1.6ஆலும் பெருக்கிக் கூட்டினால் 6.9 + 2.4 = 9.3.

இரண்டு சுவர்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் ஸ்லாப்பில் ஒரு மீட்டர் அகலப் பட்டைக்கு பெண்டிங் மொமென்ட், அதாவது அதை வளைக்கும் திருப்பம், 9.3 × 4 × 4 ÷ 8 = 18.6 கிலோநியூட்டன் மீட்டர். கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமனான கவர் 25 மி.மீ., கம்பியின் பலம் 450 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 357 சதுர மி.மீ. கம்பி தேவை. ஒய்10, அதாவது 10 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 393 கிடைக்கும். பலத்துக்குப் போதும், தொய்வைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது வீட்டுக்காரர், ‘ஹால் கொஞ்சம் பெரிசா வேணும், அஞ்சு மீட்டர் ஆக்குங்க’ என்கிறார். நீளம் கூடியது 25 சதவீதம்தான். ஆனால் மொமென்ட் 29க்கு ஏறி 56 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் நீளம் அங்கே இரண்டு முறை பெருக்கப்படுகிறது. தொய்வில் நான்கு முறை பெருக்கப்படுவதால் அது ஏறக்குறைய 2.4 மடங்காகும். ஒய்12 போட்டுப் பலத்தைச் சமாளித்தாலும் தொய்வு விடாது. ஸ்லாப் தடிக்க வேண்டும், தடித்தால் எடை கூடும், திரும்ப முதல் வரியிலிருந்து கணக்கு. ஆர்க்கிடெக்ட் இந்த உறவைப் புரிந்துகொண்டால் ஹாலைப் பெரிதாக்கும்போதே ஒரு பீமுக்கு இடம் விடுவார்.

நம் ஊர் மண்ணிலிருந்தே கற்க ஏதாவது உண்டா?

நிறைய. டர்பனின் பெரியா மேட்டுச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கே அசையாது. தண்ணீர் புகுந்தால் எடையோடு சடாரென்று அமுங்கும். கூரைத்தண்ணீரை அடித்தளத்தின் ஓரத்திலேயே விட்ட வீட்டில் விரிசல் ஏன் அந்த மூலையில் தொடங்குகிறது என்பதற்கு இதுதான் பல நேரம் விடை. பிரிட்டோரியா பக்கம் சென்சூரியனில் டாலமைட் பாறை கரைந்து பள்ளம் விழும். ஒரே நாடு, அடித்தளம் வேறு வேறு.

சாட்ஸ்வொர்த் சரிவுகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச்சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு மீட்டர் உயரச் சுவரைக் காய்ந்த மண் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் விசையோடு தள்ளுகிறது. மழைநீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் நிரம்பிவிட்டால் அதே சுவர்மேல் சுமார் 25. சுவர் மாறவில்லை, தள்ளுவது இரண்டு மடங்காகிவிட்டது. சுவரை மூன்று மீட்டருக்கு உயர்த்தினாலோ, கவிழ்க்கும் திருப்பம் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே அடியில் நீர் வெளியேறும் குழாய்கள் இருக்கின்றனவா, அவற்றின் பின்னால் கல்லும் வடிகட்டும் துணியும் போட்டார்களா, குழாய்வாயைச் சிமெண்டால் பூசி அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நாட்டாலில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சரிந்த சரிவுகளும் சுவர்களும் இன்னும் நினைவில் இருக்கும் ஊரில் இந்தக் கணக்கைப் படிப்பவருக்கு அது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல.

உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயிலையும் வெள்ளம்தான் கொண்டுபோயிற்று, 1905இல். அதிலிருந்து காப்பாற்றிய கதவுகளை 1947இல் கேட்டோ மேனர் பெல்லேர் சாலையில் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தில் இன்றும் காணலாம். அடுத்த முறை போகும்போது அந்த இடத்தின் மேட்டையும் பாருங்கள்.

சைட்டுக்குப் போனால் எதைக் கவனிப்பது?

முதலில் உங்கள் பாதுகாப்பு. இரும்புமுனை பூட்ஸ், ஹெல்மெட், அன்றைய பாதுகாப்பு அறிமுகம். வேலைக்காகச் சேர்பவர் என்றால் உடல்தகுதி மருத்துவச் சான்றும் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதே பட்டியல்தான். மகளை சைட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு எங்கள் பதில்: தாராளமாக.

காங்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள்தான் பார்க்கச் சிறந்த நாள். கம்பியின் கீழே கவர் பிளாக் இருக்கிறதா? வீட்டின் வெளியே நீட்டியிருக்கும் பால்கனி ஸ்லாப்பில் கம்பி மேல்பக்கம் இருக்கிறதா? நீட்டிய ஸ்லாப் மேலேதான் இழுபடும், அதனால் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். தாங்கும் ஸ்டூல் போதாமல், ஊற்றும்போது ஆட்கள் மிதித்து ஸ்லாப்பின் அடியிலிருந்து 140 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 100க்கு இறங்கிவிட்டால் பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டர்பன் போன்ற கடலோர ஊரில் கவர் குறைந்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கிக் காங்கிரீட்டை உரித்துவிடும்.

லாரி வந்ததும் காங்கிரீட்டின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனை எடுக்கிறார்களா, 150 மி.மீ. சோதனைக் கியூப்கள் நிரப்புகிறார்களா என்று பாருங்கள். அவற்றை வழக்கமாக 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்ப்பார்கள். இறுகுகிறது என்று லாரியில் தண்ணீர் சேர்க்கச் சொல்பவரை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். சேர்த்த ஒவ்வொரு லிட்டரும் பலத்தைத் தின்கிறது.

2013 நவம்பர் 19 அன்று டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இருவர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருந்தும் வேலை நடந்திருந்தது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து 34 பேர் இறந்தார்கள். இந்தத் தொழிலுக்கு வருபவர் இந்த இரண்டு தேதியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்ஸ்ஃபாஸ் (NSFAS) என்ற அரசு உதவித்தொகை. அதற்கு மேல் 6,00,000 வரை உள்ள, ‘நடுவில் மாட்டிக்கொண்ட’ குடும்பங்களுக்கு இஸ்ஃபாப் (ISFAP) என்ற உதவித் திட்டம். சிவில் மாணவர்களுக்கு தேசிய நெடுஞ்சாலை நிறுவனமான சான்ரல் பர்சரி (படிப்புதவித்தொகை) தருகிறது. கட்டுமான, ஆலோசனை நிறுவனங்களின் பர்சரிகளில் பல, படித்த வருடங்களுக்கு ஈடாக அங்கே வேலை செய்யச் சொல்லும். முதல் வேலையே கையில் என்பதால் நாங்கள் அதை நல்லதாகவே பார்க்கிறோம். பாடம் தவறினால் பர்சரி என்ன ஆகும் என்ற வரியை மட்டும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஆர்க்கிடெக்சரில் கட்டணத்தோடு அட்டை, ஏ1 பிரிண்ட், லேசர் வெட்டு என்று மாதாமாதம் செலவு உண்டு. அதைத் தனியாக எடுத்துவையுங்கள்.

எந்த சாஃப்ட்வேர் கற்க வேண்டும்?

ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் மாணவர்களுக்கு இலவசம். ஸ்ட்ரக்சருக்கு இங்கே அலுவலகங்களில் அதிகம் காண்பது தென்னாப்பிரிக்காவிலேயே உருவான புரோகான். கையால் தோராய விடை எடுத்த பிறகே கம்ப்யூட்டரைத் தொடுங்கள். தாங்கியைத் தப்பாகக் கொடுத்தாலும் அது அழகான வண்ணப்படம் தரும்.

பட்டம் வாங்கியதும் பொறியாளர் ஆகிவிடுவோமா?

கேண்டிடேட் ஆவீர்கள். எக்சாவில் கேண்டிடேட்டாகப் பதிந்து, ஒரு வழிகாட்டியின் கீழ் குறைந்தது மூன்று வருடம் வேலை. பார்த்துத் தெரிந்துகொள்வதில் தொடங்கி, பொறுப்பேற்றுச் செய்வது வரை ஐந்து நிலைகள். பலர் மாட்டிக்கொள்வது அனுபவ அறிக்கையில். மூன்றாம் வருட முடிவில் உட்கார்ந்து எழுதினால் எதுவும் நினைவிருக்காது. ‘நாங்கள் பாலம் வடிவமைத்தோம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்; அடித்தளத்தை ஏன் பைலிங்குக்கு மாற்றினேன், என்ன கணக்கில் என்று ‘நான்’ போட்டு எழுத வேண்டும். மாதம் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் கேண்டிடேட்டுக்குக் குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி, பயிற்சிப் பதிவேடு, பிறகு தொழில்முறைத் தேர்வு.

வெளிநாடு போவதாக இருந்தால்: தென்னாப்பிரிக்கா 1999 முதல் வாஷிங்டன் உடன்பாட்டில் இருப்பதால், எக்சா அங்கீகரித்த நான்கு வருடப் பொறியியல் பட்டத்தை அதில் உள்ள நாடுகள் ஏற்கும். பதிவை அங்கே தனியாக வாங்க வேண்டும்.

இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் கோயிலுக்கு ஒரு சமையற்கூடம் சேர்க்க வேண்டும், ‘நீயே வரைந்து கொடு, தம்பி’ என்கிறார்கள். செய்யலாமா?

இடத்தை அளந்து, தேவையைக் கேட்டு, ஓவியமாக வரைந்து கமிட்டிக்குக் காட்டுங்கள். நல்ல பயிற்சி அது. ஆனால் முனிசிபாலிட்டிக்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்றவரின் கையெழுத்து வேண்டும். ஸ்லாப், பீம், தடுப்புச்சுவர் இருந்தால் அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதியுள்ள பொறியாளரைப் படிவத்தில் நியமிக்க வேண்டும். கட்டடம் 60 வயதைத் தாண்டியிருந்தால், இடிக்கவோ மாற்றவோ மரபுச்சின்ன அனுமதியும் வேண்டும். குவாசுலு-நாட்டாலில் அதைத் தருவது அமாஃபா என்ற மரபுச்சின்ன அமைப்பு. நம் பழைய கோயில்களில் பல இந்தக் கணக்கில் வரும்.

பெரியவர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஐயா, நான் வரைகிறேன், கையெழுத்துக்கு ஒரு பொறியாளரைக் கூட்டி வருகிறேன், அவரோடு நானும் இருந்து கற்றுக்கொள்கிறேன்.’ ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவராவது பெரும்பாலான கோயில் சபைகளில் இருப்பார். அவரிடம் போகும்போது மண் எப்படி, பழைய அடித்தளம் எவ்வளவு ஆழம், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.